பாரத்தின் மறுமுனையைப் பிடிப்பவர்கள்: மனத்தை லேசாக்கும் படங்கள் குறித்து

தமிழ்த் திரையுலகில் ‘ஃபீல் குட்’ என்ற அடைமொழி இன்று ஒரு முத்திரையாகவே நிலைத்துவிட்டது. வெட்டுக்குத்து கிடையாது, ஆபாசம் கிடையாது, குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்கலாம், தியேட்டரை விட்டு வெளியே வரும்போது முகத்தில் சிரிப்பு இருக்கும் என்பது அந்த முத்திரை தரும் வாக்குறுதி. இதில் முக்கால்வாசி ‘இல்லை’களால் ஆனது. எதெல்லாம் இல்லை என்று பட்டியல் போட்டு ஒரு படத்தை எடுத்தால் பார்ப்பவர் மனம் நிறைந்துவிடுமா? அப்படி எடுக்கப்பட்ட படங்கள் பல, பார்த்த மறுநாளே மறந்துபோகின்றன. மறக்காமல் நிற்பவை வேறு. மனம் சோர்ந்த நாளில் தேடிப்பிடித்து மறுபடி போட்டுப் பார்க்கும் படங்களை எடுத்துக்கொண்டால், அநேகமாக எல்லாவற்றின் நடுவிலும் ஒரு சாவோ, கடனோ, வேலையின்மையோ, ஊரைவிட்டு வந்த வலியோ இருக்கிறது. மனத்தை லேசாக்கும் படம் முதலில் பாரத்தை ஏற்றிக் காட்டுகிறது. பிறகு அந்தப் பாரத்தின் மறுமுனையை யாரோ ஒரு சாதாரண மனிதர் வந்து பிடிக்கிறார். பார்ப்பவரைத் தூக்கிவிடுவது அந்தப் பிடிதான். யார் பிடிக்கிறார் என்பதில்தான் நல்ல படத்துக்கும் வெற்று இனிப்புக்கும் உள்ள வேறுபாடு இருக்கிறது என்பது என் வாதம்.

உளவியலாளர்கள் இந்தக் கேள்வியைச் சில பத்தாண்டுகளாகவே ஆராய்ந்து வருகிறார்கள். 1988இல் டால்ஃப் ஸில்மன் முன்வைத்த கோட்பாடு எளிமையானது: மனநிலை தாழ்ந்திருப்பவர், தெரிந்தோ தெரியாமலோ, அதை உயர்த்தக்கூடிய இலகுவான காட்சிகளைத் தேர்ந்தெடுக்கிறார். வேலை முடிந்து களைத்து வந்தவர் டிவியில் காமெடி சேனலைத் தேடுவதை இது நன்றாகவே விளக்குகிறது. ஆனால் அதே களைத்த மனிதர் சில நாட்களில் அழவைக்கும் படத்தைத் தேடிப்போவதை இந்தக் கோட்பாட்டால் எளிதில் விளக்க முடியவில்லை. பின்னால் வந்த ஆய்வாளர்கள் இந்த இடைவெளியைத்தான் பிடித்துக்கொண்டார்கள். அமெரிக்காவின் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் சில்வியா நோப்லாக்-வெஸ்டர்விக் குழுவினர் மாணவர்களுக்கு ஒரு சோகப் படத்தைச் சுருக்கிப் போட்டுக் காட்டினார்கள். படம் பார்த்துவிட்டுத் தம் நெருங்கிய உறவுகளை நினைத்துக்கொண்டவர்களின் மகிழ்ச்சி கூடியிருந்தது. ஃபிராங்க்ஃபர்ட்டில் உள்ள மாக்ஸ் பிளாங்க் அனுபவ அழகியல் நிறுவனத்தில் கீவான் சர்கோஷ் ஃபீல் குட் படங்களையே தனியாக எடுத்து ஆராய்ந்தார். பார்வையாளர்கள் விரும்பிச் சொன்ன படங்களில் நகைச்சுவையும் காதலும் இருந்தன. கூடவே கனமான தருணங்களும் இருந்தன. ஆக, கண்ணீரை வடிகட்டி எடுத்துவிட்டால் மிஞ்சுவது மகிழ்ச்சி என்ற கணக்குக்கு ஆய்வுக்கூடத்திலும் ஆதரவு குறைவு.

உலக சினிமாவில் இதற்கு மிகப் பழைய, மிக உறுதியான சாட்சி ஃபிராங்க் காப்ராவின் ‘இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்’. 1946இல் வந்த இந்தப் படம் தற்கொலை செய்துகொள்ளப் பாலத்தின் மேல் நிற்கும் ஒரு மனிதனின் கதை. வெளியானபோது போட்ட பணம் திரும்பவில்லை. 1974இல் அதன் பதிப்புரிமையைப் புதுப்பிக்காமல் விட்டுவிட்டதால் அமெரிக்கத் தொலைக்காட்சி நிலையங்கள் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் திரும்பத் திரும்ப ஒளிபரப்பின. அப்படித்தான் அது கோடிக்கணக்கான வீடுகளின் பண்டிகைப் படமானது. அதன் முடிவைக் கூர்ந்து பார்க்க வேண்டும். நாயகனின் நிறுவனத்துக்குச் சேர வேண்டிய 8,000 டாலரை அபகரித்த பணக்காரர் பாட்டர் கடைசிவரை தண்டிக்கப்படுவதே இல்லை. பணமும் அவரிடமேதான் இருக்கிறது. நீதி நிலைநாட்டப்பட்ட திருப்தி பார்வையாளருக்குக் கிடைப்பதில்லை. கிடைப்பது ஒன்றே ஒன்றுதான்: அந்தச் சிற்றூர்க்காரர்கள் சட்டைப்பையிலிருந்தும் உண்டியலிலிருந்தும் சில்லறையைக் கொண்டுவந்து அவன் மேசைமேல் கொட்டுகிறார்கள். அந்த மேசையைப் பார்த்துத்தான் உலகம் பல பத்தாண்டுகளாக அழுதபடியே மகிழ்கிறது.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொண்டு மேலே போக வேண்டும். சிரிக்கவைப்பதும் மனத்தை லேசாக்குவதும் ஒன்று என்று பலர் நினைக்கிறார்கள். சிரிப்பின் பலனை நான் மறுக்கவில்லை. 2005இல் மேரிலாந்து பல்கலைக்கழக இதயநோய் மருத்துவர் மைக்கேல் மில்லர் 20 பேருக்கு ஒரு நகைச்சுவைப் படத்தின் பகுதியையும் ஒரு போர்ப் படத்தின் கொடூரமான தொடக்கத்தையும் காட்டி அளந்தபோது, சிரித்தவர்களின் இரத்தக்குழாய்கள் விரிந்தன, பதறியவர்களின் குழாய்கள் சுருங்கின. உடலுக்கு இது நல்லதுதான். ஆனால் நம் மரபு இவ்விரண்டையும் தனித்தனியாகவே வைத்திருக்கிறது. தொல்காப்பியர் மெய்ப்பாடுகள் எட்டைச் சொல்லும்போது நகையை முதலில் வைக்கிறார், உவகையைக் கடைசியில் வைக்கிறார். நகை பிறக்கும் இடங்களில் எள்ளலை முதலாவதாகச் சொல்லும் அவர், உவகையைக் குறிப்பிடும்போது துன்பம் நீங்கிய உவகை என்றே குறிப்பிடுகிறார். நம் படங்களின் காமெடித் துண்டுகளை இந்த வெளிச்சத்தில் பார்க்கலாம். அவற்றில் பெரும்பகுதி எள்ளல்தான்: அடிவாங்குபவரை, கறுத்தவரை, குண்டானவரை, படிக்காதவரைப் பார்த்துச் சிரிப்பது. அந்தச் சிரிப்பு உண்மை, அதன் திறமையும் உண்மை. ஆனால் அது கலைந்தவுடன் மனம் பழைய இடத்துக்கே திரும்பிவிடுகிறது.

முழுக்க முழுக்கச் சிரிப்புக்காகவே எடுக்கப்பட்டது என்று எல்லோரும் சொல்லும் படத்தையே எடுத்துக்கொள்வோம். 1964இல் ஸ்ரீதர் இயக்கி, சித்ராலயா கோபு எழுத்தில் பங்கேற்ற ‘காதலிக்க நேரமில்லை’. செல்லப்பாவாக வரும் நாகேஷ் தன் அப்பா பாலையாவுக்குத் திகில் கதை சொல்லும் காட்சியைத் தமிழர்கள் தலைமுறை தலைமுறையாகப் பார்த்து வருகிறார்கள். அந்தக் காட்சியைத் தூக்கி நிறுத்துவது பாலையாவின் முகம். மகனின் வேலையற்ற சினிமாக் கனவைத் திட்டிக்கொண்டே இருக்கும் எஸ்டேட் முதலாளி, அந்த மகனின் குரலிலும் விரல் அசைவிலும் மெல்ல மெல்லச் சிக்கி, கடைசியில் வெளிப்படையாகவே நடுங்குகிறார். தகப்பனின் அதிகாரம் கொஞ்ச நேரம் கழன்று கீழே விழுகிறது. பயந்த ஒரு கிழவர் மட்டும் அங்கே உட்கார்ந்திருக்கிறார். இந்தக் காட்சியைத் தாங்கி நிற்கும் கதையும் ஒரு வேலைநீக்கத்தில்தான் தொடங்குகிறது. எஸ்டேட்டில் வேலையை இழந்த ஏழை வீட்டு இளைஞன் முதலாளி வீட்டெதிரே கூடாரம் போட்டுப் போராடுகிறான். அவனுக்காக நண்பன் ஒருவன் பணக்காரக் கிழவனாக வேடம் கட்டுகிறான். 1981இல் கே. பாலசந்தர் எடுத்த ‘தில்லு முல்லு’ இந்தியில் ஹிருஷிகேஷ் முகர்ஜியின் ‘கோல்மால்’ படத்தைத் தழுவியது. அதன் மீசைக் கூத்து முழுவதும் ஒரு வேலை கிடைப்பதற்காகவும் கிடைத்த வேலை பறிபோகாமல் இருப்பதற்காகவும் நடக்கிறது. அதற்கு முந்தைய ஆண்டுதான் அதே இயக்குநர் வேலையில்லாத இளைஞர்களின் பசியை ‘வறுமையின் நிறம் சிவப்பு’ படத்தில் நேராகக் காட்டியிருந்தார். இரண்டு படங்களுக்கும் அடியில் ஓடுவது ஒரே பயம். நம் நகைச்சுவைப் படங்களில் நின்று நிலைத்தவை இப்படி அடியில் ஒரு பயத்தை வைத்துக்கொண்டவையே.

பாரம் வேண்டும் என்பது இதுவரை சொன்னது. இனி, அதைத் தூக்குவது யார்? தமிழ்த் திரை இதற்கு நீண்ட காலம் சொன்ன விடை, நாயகன். எம்.ஜி.ஆர். படங்கள் ஏழைப் பார்வையாளருக்கு அளித்த உற்சாகத்தைக் குறைத்து மதிப்பிட முடியாது. தியேட்டரை விட்டு நிமிர்ந்து வெளியே வந்த ரிக்‌ஷாக்காரர்களின் நிமிர்வு பொய்யில்லை. ஆனால் எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1992இல் வெளியான ‘தி இமேஜ் ட்ராப்’ நூலில் எழுப்பிய கேள்வியைத் தாண்டிப்போக முடியாது. திரையில் ஒரு தனிமனிதர் வந்து எல்லா அநீதியையும் தீர்த்துவைத்த நம்பிக்கை, வெளியே அதே ஏழைகளுக்கு அதிகம் செய்யாத ஆட்சிக்கு ஆதரவாக எப்படி மாறியது என்பதை அவர் ஆராய்ந்தார். நாயகன் தூக்கினால் பார்வையாளர் தூக்கப்படுபவராகவே நின்றுவிடுகிறார். இன்னொரு விடை, அதிர்ஷ்டமும் பாட்டும். விக்ரமனின் ‘சூர்யவம்சம்’ (1997) இன்றும் தொலைக்காட்சியில் சலிக்காமல் பார்க்கப்படும் படம். அப்பாவால் ஒதுக்கப்பட்ட மகனின் வலி அதில் நிஜமாகவே கனக்கிறது. ஆனால் அவன் உயர்ந்து தொழிலதிபராவதும் மனைவி கலெக்டராவதும் ஒரே பாட்டுக்குள் நடந்து முடிந்துவிடுகின்றன. வங்கியில் கடன் கேட்டு நின்றவர்களுக்கும் போட்டித் தேர்வுக்குப் பல ஆண்டுகள் படித்தவர்களுக்கும் அந்தப் பாட்டு இனிக்கும், கைகொடுக்காது. அந்தப் படத்தில் உண்மையாகவே மனத்தைத் தொடுவது, தாத்தா என்று தெரியாமலே அந்தப் பெரியவரோடு பழகும் சின்னப் பையன்தான் என்பது தற்செயல் இல்லை.

மூன்றாவது விடையை மிகத் தெளிவாகச் சொன்ன படம் ராதா மோகனின் ‘மொழி’ (2007). காது கேளாத, பேச முடியாத பெண்ணுக்கும் இசைக்கலைஞனுக்கும் இடையேயான காதல் அதன் கதை என்றாலும், படம் முடிந்தபின் மனத்தில் தங்குவது எம்.எஸ். பாஸ்கர் நடித்த பேராசிரியர் ஞானப்பிரகாசம். மகன் இறந்த 1984ஆம் ஆண்டிலேயே அவர் நினைவு நின்றுபோயிருக்கிறது. அடுக்குமாடிக் குடியிருப்பில் எதிர்ப்படுபவர்களிடம் அந்த ஆண்டின் செய்திகளையே அன்றைய செய்தியாகப் பேசுகிறார். முதல் சில முறை நாம் சிரிக்கிறோம். காரணம் தெரிந்ததும் அந்தச் சிரிப்பு நமக்கே உறுத்துகிறது. பிறகு பிருத்விராஜ் நடித்த கார்த்திக், எல்லோரும் இத்தனை ஆண்டுகள் தவிர்த்துவந்த அந்த மரணத்தை அவரிடம் நேராகப் பேசுகிறான். பெரியவர் உடைந்து அழுகிறார். அவன் செய்தது அவ்வளவுதான். மருந்தில்லை, பணமில்லை, வீரமில்லை. ஒரு மனிதரை அழவிட்டு அருகில் இருந்தான். பார்வையாளர் ஒவ்வொருவரும் தம் தெருவில், தம் உறவில் அப்படி உறைந்துபோன ஒருவரை நினைத்துக்கொள்ள முடியும். நாளைக்கே போய்ப் பேசவும் முடியும். நம்மாலும் செய்யக்கூடிய அளவில் அந்தச் செயல் இருக்கிறது. மனத்தை உயர்த்தும் படத்தின் சூட்சுமம் இந்த அளவில் இருப்பதாக நான் கருதுகிறேன்.

அதே அளவை எம். மணிகண்டனின் படங்களில் இன்னும் கறாராகப் பார்க்கலாம். ‘காக்கா முட்டை’யில் (2015) ரயில் தண்டவாளத்தோரம் கரி பொறுக்கும் இரண்டு சிறுவர்கள் பீட்சாவுக்கு ஆசைப்படுகிறார்கள். விளம்பரத் தாளைப் பார்த்து வீட்டிலேயே தோசை மாவில் அதைச் செய்துகொடுக்க முயன்ற பாட்டி படத்தின் பாதியிலேயே இறந்துபோகிறாள். அப்பா சிறையில். கடை வாசலில் அவர்களுக்குக் கிடைப்பது அறை. கடைசியில் பழிக்கு அஞ்சிய கடைக்காரர்களே கூப்பிட்டு உட்காரவைத்து ஊட்டும்போது, பாட்டி சுட்ட தோசையே மேல் என்று சிறுவர்கள் முடிவுக்கு வருகிறார்கள். அங்கே வரும் சிரிப்பில் இழந்த பாட்டியும் இருக்கிறாள், அவமானமும் இருக்கிறது. எதையும் படம் மறைக்கவில்லை. ‘கடைசி விவசாயி’யில் (2022) மயில்களைக் கொன்றதாகப் பொய்வழக்கில் சிக்கும் முதியவர் மாயாண்டிக்குக் கவலை சிறையைப் பற்றியதில்லை, தண்ணீர் பாய்ச்ச ஆளில்லாமல் வாடும் பயிரைப் பற்றியது. அந்தக் கவலையைப் புரிந்துகொண்ட நீதிபதி, பயிருக்குத் தண்ணீர் பாய்ச்சும் பொறுப்பைக் காவலரிடம் விடுகிறார். காக்கிச்சட்டைக்காரர் வயலில் இறங்கி நிற்கும் அந்தக் காட்சியில் விவசாயத்தின் நெருக்கடி எதுவும் தீர்ந்துவிடவில்லை. ஒரு செடி பிழைக்கிறது.

2024 செப்டம்பரில் வெளியான ச. பிரேம்குமாரின் ‘மெய்யழகன்’ இந்த வகையின் எல்லையைச் சோதித்த படம். சொத்துத் தகராறில் தஞ்சாவூர் வீட்டை இழந்து 1996இல் குடும்பத்தோடு ஊரை விட்டுப்போன அருள்மொழி, பல ஆண்டுகள் கழித்துத் தங்கையின் கல்யாணத்துக்காக நீடாமங்கலம் வருகிறான். அத்தான், அத்தான் என்று உருகும் ஓர் உறவினனின் பெயர்கூட அவனுக்கு நினைவில் இல்லை. ஊரை விட்டுப் போகையில் அவன் விட்டுச்சென்ற பழைய சைக்கிள் ஒன்று இந்த உறவினன் வீட்டுக்கு வாழ்வு கொடுத்திருக்கிறது. கொடுத்தவனுக்கு அது தெரியவே தெரியாது. இழந்ததை மட்டுமே எண்ணி இத்தனை காலம் வாழ்ந்தவனுக்கு, தன்னால் ஒரு குடும்பம் நிமிர்ந்தது என்று தெரியவருவதைவிட வேறென்ன ஆறுதல் வேண்டும்? பெயர் தெரியாத குற்றவுணர்வில் அவன் இரவோடிரவாகச் சொல்லாமல் கிளம்புவதில் எவ்வளவு உண்மை! இந்தப் படத்தை வெளியான சில நாட்களில் ஏறத்தாழ 18 நிமிடம் வெட்டினார்கள். நீளம் என்ற புகாரே காரணம். எனக்கு இது வருத்தமான முடிவாகவே படுகிறது. இரண்டு பேர் ஓரிரவு முழுக்கப் பேசிக் கழிக்கும் படத்தில் பேச்சுக்கு நேரம்தான் உடல். நேரத்தைக் குறைத்தால் நெருக்கம் பழுக்காது.

இனி, கடுமையான மறுப்பு ஒன்றுக்கு வர வேண்டும். ஜெர்மானியத் தத்துவவாதிகளான அடோர்னோவும் ஹோர்க்கைமரும் 1940களில் எழுதிய விமர்சனத்தின் சாரம், கேளிக்கையில் மகிழ்ந்திருப்பவர் உலகத்தின் நடப்போடு ஒத்துப்போய்விடுகிறார் என்பது. இதைத் தமிழ்ச் சூழலில் வைத்துப் பார்க்க ‘டூரிஸ்ட் ஃபேமிலி’ (2025) சரியான இடம். பொருளாதார நெருக்கடியில் இலங்கையை விட்டுப் படகில் ராமேஸ்வரம் வந்து, சென்னையில் அடையாளத்தை மறைத்துக் குடியேறும் குடும்பம் அபிஷன் ஜீவிந்தின் கதை. யாரோடும் பேசாதே என்று எச்சரிக்கப்பட்ட தர்மதாஸ் அந்தத் தெருவில் எல்லோரோடும் பேசுகிறார். ஒரு மூதாட்டி இறந்தபோது பக்கத்துவீட்டையே எட்டிப்பார்க்காத தெருவை ஒன்றுகூட்டுகிறார். பின்னர் அந்தத் தெரு அவருக்காக நிற்கிறது. மனம் நிறைகிறது. ஆனால் 2022 மார்ச் முதல் தனுஷ்கோடிக் கரையில் வந்திறங்கிய நிஜக் குடும்பங்கள் போன இடம் மண்டபம் முகாம். 1983க்குப் பிறகு வந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்னும் முகாம்களில் வாழ்கிறார்கள். முகாம்களின் பெயர் 2021இல் மறுவாழ்வு முகாம் என்று மாறியது, குடியுரிமை வரவில்லை. 2019ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கைக்கு இடமே இல்லை. இந்தப் பின்னணியில், நல்ல அண்டைவீட்டார் கிடைத்தால் போதும் என்று படம் சொல்வதாகத் தோன்றினால் அந்தக் கோபம் நியாயமானதே.

நியாயமென்றாலும் முழு உண்மையென்று ஏற்க மாட்டேன். ஒரு படம் சட்டத்தை மாற்றவில்லை என்பது குறையென்றால், சோகமாக முடியும் படங்களும் எந்தச் சட்டத்தையும் மாற்றிவிடவில்லை. ஈழத்து அகதி என்றால் இரங்கத்தக்கவர், அல்லது சந்தேகத்துக்குரியவர் என்ற இரண்டு சட்டகங்களுக்குள்ளேயே தமிழ்த் திரை பெரும்பாலும் அவரை நிறுத்திவந்தது. சாவு வீட்டுக்கு முதலில் போய் நிற்கும் பக்கத்துவீட்டுக்காரராக அவரைப் பார்த்த பார்வையாளருக்கு, குடியுரிமைக் கோரிக்கை ஏன் நியாயம் என்று தனியாக விளக்க வேண்டியதில்லை. ஒத்துப்போகவைக்கும் கலை என்று ஆள்பவர்களே இதை நினைப்பதில்லை என்பதற்கும் சான்று உண்டு. நான் மேலே சொன்ன காப்ராவின் படம், வங்கி முதலாளியைக் கேவலமாகக் காட்டுகிறது என்று 1947இல் அமெரிக்க எஃப்.பி.ஐ.யின் குறிப்பில் இடம்பெற்றது. அண்டைவீட்டார் ஒருவருக்கொருவர் கைகொடுப்பதில் அதிகாரம் அஞ்சத்தக்க ஏதோ இருந்திருக்கிறது. சாதியைப் பொறுத்தவரை விமர்சனத்துக்கு இன்னும் வலு உண்டு. நம் இனிய குடும்பப் படங்களில் பெரும்பான்மை, யாருடைய குடும்பம், எந்தத் தெரு என்பதைச் சொல்லாமலே கடந்துவிட்டன. அந்த மௌனம் ஒரு பகுதி மக்களுக்குக் கதவைச் சாத்தியது. தமிழரசன் பச்சமுத்துவின் ‘லப்பர் பந்து’ (2024) ஊர்க் கிரிக்கெட் அணியில் யாரைச் சேர்ப்பார்கள், யாரைச் சேர்க்க மாட்டார்கள் என்பதை மைதானத்தின் நடுவிலேயே வைத்து, அப்படியும் அரங்கைக் கொண்டாடவைத்தது. சாதியைப் பேசினால் உற்சாகம் கெடும் என்ற சாக்கு அத்தோடு செல்லாமல் போனது.

கலைத்தரம் பற்றிய மறுப்பு இவ்வளவு கனமானதில்லை. துயரமே உயர்ந்த கலை, மகிழ்வித்தால் அது பண்டம் என்ற எண்ணம் நம் விமர்சகர்களிடம் இன்னும் இருக்கிறது. மேலே சொன்ன படங்களின் எழுத்திலும் நடிப்பிலும் உள்ள கட்டுப்பாட்டைப் பார்த்தாலே அது கரைந்துவிடும். ஒருவரை நம்பும்படி நல்லவராக எழுதுவது, நம்பும்படி கெட்டவராக எழுதுவதைவிடக் கடினம். வேறொரு எல்லையை மட்டும் மதிக்க வேண்டும்: படம் மருத்துவம் ஆகாது. வாரக்கணக்கில் நீங்காத மனச்சோர்வுக்கு மருத்துவரைத்தான் பார்க்க வேண்டும்.

இந்த வகையில் ஒரே படத்தைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் ‘ஆண்டவன் கட்டளை’யைச் சொல்வேன். மணிகண்டன் இயக்கி 2016இல் வந்தது. கடன் தீர்க்க லண்டன் போக நினைக்கும் காந்தி, ஏஜென்ட் பேச்சைக் கேட்டு பாஸ்போர்ட்டில் இல்லாத மனைவியின் பெயராகக் கார்மேகக் குழலி என்று எழுதிவைக்கிறான். வாடகை வீட்டுக்கும் விசா நேர்காணலுக்கும் அலைந்தவன், பிறகு அந்த ஒரு வரியை நீக்கக் குடும்ப நீதிமன்றம், பாஸ்போர்ட் அலுவலகம் என்று அலைகிறான். அலுவலக மேசைகளை இவ்வளவு துல்லியமாகக் காட்டிய தமிழ்ப் படங்கள் குறைவு. எந்த மேசையையும் அது இனிப்பாக்கவில்லை. அவனோடு அறையில் தங்கும் ஈழத்து அகதி நேசனின் நிலையையும் பூசி மெழுகவில்லை. அத்தனை கனத்துக்கும் நடுவில், அந்தப் பெயருக்குப் பொருந்திவரும் நிஜமான ஒரு பெண், எந்தக் கட்டாயமும் இல்லாமல் அவனுக்காக வந்து நிற்கிறாள். வெளியானபோது இந்தப் படத்துக்குப் பாராட்டு கிடைத்தது. கூட்டம் அந்த அளவுக்குக் கிடைக்கவில்லை. இதுவரை பார்க்காதவர்கள் அடுத்து மனம் சோர்ந்த ஒரு மாலையில் அதைத் துண்டு துண்டாகப் பார்க்காமல் முழுதாக ஒரே அமர்வில் பாருங்கள்.